உங்களுக்குத் தெரியுமா? லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்கள்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் வடக்கு ஓரம் முழுவதையும் அடைத்து நிற்கிறது நேஷனல் கேலரி. ஐரோப்பிய ஓவியங்கள் 2,300க்கும் மேல் உள்ளே இருக்கின்றன. வரையப்பட்ட பிறகு அவற்றுக்கு என்னென்ன நேர்ந்தது என்பது, படங்களுக்குள் இருக்கும் கதைகளுக்குக் கொஞ்சமும் குறையாத சுவாரசியம். கிழிபட்டவை, களவுபோனவை, சுரங்கத்தில் ஒளிந்திருந்தவை, வெள்ளத்தில் தொலைந்து திரும்பியவை என்று எல்லாம் உண்டு.

38 படங்களில் தொடங்கியது

பாரிஸின் லூவர், மன்னர் குடும்பத்தின் சேகரிப்பை மக்களுடையதாக்கிப் பிறந்தது. லண்டனில் அப்படி நடக்கவில்லை. அரச குடும்பத்தின் ஓவியங்கள் இன்றும் தனியாகத்தான் இருக்கின்றன. 1824இல் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டீன் என்ற காப்பீட்டு வணிகரின் 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாங்கியது. பால் மால் வீதியில் இருந்த அவருடைய வீடுதான் முதல் கேலரி. அந்தச் செல்வத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கப்பல் காப்பீட்டில் வளர்ந்தவர் அவர். கரீபியன் அடிமை வணிகத்தோடும் தோட்டங்களோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. இதை கேலரியே இன்று ஆராய்ந்து வெளிப்படையாக எழுதுகிறது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

வரிசையில் முதல் எண் யாருக்கு?

செபஸ்டியானோ டெல் பியோம்போ வரைந்த 'லாசரஸ் உயிர்த்தெழுதல்' படத்துக்கு. பதிவேட்டில் அதன் எண் என்.ஜி. 1. இது போட்டிக்கு வரையப்பட்ட படம். கார்டினல் ஜூலியோ தெ மெடிச்சி ஒரே சமயத்தில் ரஃபேலிடம் ஒரு படமும் இவரிடம் ஒரு படமும் கேட்டார். ரஃபேலைப் பிடிக்காத மைக்கலாஞ்சலோ, செபஸ்டியானோவுக்காகச் சில உருவங்களைத் தானே கோட்டோவியமாக வரைந்து கொடுத்தார். ரஃபேலின் படம் இப்போது வாட்டிகனில் இருக்கிறது.

ஏன் அந்த இடம்?

1838இல் திறந்த இப்போதைய கட்டடத்துக்கு டிரஃபால்கர் சதுக்கத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. மேற்கு லண்டன் பணக்காரர்கள் குதிரை வண்டியில் வரலாம். கிழக்கு லண்டன் ஏழைகள் நடந்தே வந்துவிடலாம். இருவருக்கும் நடுவே ஓர் இடம்.

வந்தார்கள், கூட்டம் கூட்டமாக. கூடவே சுற்றுப்புறப் புகைபோக்கிகளின் கரியும் வந்தது. படங்கள் கறுத்தன. 1850இல் அமைத்த ஆய்வுக் குழுவில், மின்சாரத் துறையில் நாம் பெயர் கேட்டிருக்கும் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். படங்களுக்குக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கலாம் என்ற யோசனை அங்கே வலுத்தது. கேலரியையே காற்று சுத்தமான கென்சிங்டனுக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1857இல் இதை விசாரித்தபோது நீதிபதி கோல்ரிட்ஜ் எழுத்தில் தெரிவித்த கருத்துதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கேலரியின் வரலாற்றிலேயே முக்கியமான வாதம்: ஓவியங்கள் இருப்பதே மக்கள் பார்க்கத்தான், தூரத்தில் வைத்துப் பத்திரப்படுத்தினால் அவற்றை வாங்கியதற்குப் பயன் இல்லை. கேலரி இடம் மாறவில்லை.

"யான் வான் ஐக் இங்கே இருந்தார்"

வான் ஐக்கின் 'ஆர்னால்ஃபினி உருவப்படம்' உயரத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை. ஒரு வணிகரும் அவர் மனைவியும் அறையில் நிற்கிறார்கள். பின்சுவரில் ஒரு குவிகண்ணாடி. அதற்கு மேலே, "யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434" என்று லத்தீனில் அலங்கார எழுத்தில் ஓவியர் எழுதியிருக்கிறார். கண்ணாடிக்குள் பாருங்கள்: தம்பதியின் முதுகும், வாசலில் நிற்கும் வேறு இரண்டு பேரும் தெரிகிறார்கள். அந்த இருவரில் ஒருவர் ஓவியராக இருக்கலாம். கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சிறு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒரு காட்சி. அந்தப் பெண் கர்ப்பிணி என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, கனமான துணியைக் கொசுவி வயிற்றுக்கு முன்னே ஏந்திப் பிடிப்பது அந்தக் கால வழக்கம்.

1842இல் கேலரி இதை வாங்கியது.

வலது ஓரமாகப் போய் நின்று பாருங்கள்

ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். செல்வாக்குள்ள இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள். ஒருவருக்கு 29 வயது, மற்றவருக்கு 25. குத்துவாளின் உறையிலும் புத்தகத்தின் ஓரத்திலும் அந்த எண்கள் இருக்கின்றன. நடுவே பூகோள உருண்டை, வானியல் கருவிகள், கணக்குப் புத்தகம், வீணை போன்ற ஒரு லூட். அதில் ஒரு நரம்பு அறுந்திருக்கிறது.

இருவர் காலடியிலும் சாம்பல் நிறத்தில் நீண்டு கிடக்கும் ஏதோ ஒன்று நேரே நின்று பார்த்தால் புரியாது. படத்தின் வலது பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் நின்று பார்த்தால் அது சுருங்கி மண்டையோடாக மாறும். அப்படி நின்றால் தூதர்கள் இருவரும் சிதைந்து போவார்கள். சாவையும் வாழ்வையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடியாதபடி ஒரு மனிதர் 1533இல் கணக்குப் போட்டு வரைந்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு: இடது மேல்மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு சிலுவை. பலரும் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

மூன்று மணி நேரத்தில் பெண் பார்த்தவர்

அதே ஹோல்பைன் 1538இல் பிரஸ்ஸல்ஸ் போனார். மூன்றாவது மனைவியை இழந்த இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பெண் பார்க்கும் வேலை. டென்மார்க்கின் கிறிஸ்டினாவுக்கு அப்போது வயது 16. மிலான் பிரபுவின் விதவை. துக்க உடையில் அவர் எதிரே நின்றது மூன்று மணி நேரம்தான். அதற்குள் எடுத்த குறிப்புகளிலிருந்து வளர்ந்தது ஆளுயர ஓவியம். திருமணம் நடக்கவில்லை, படத்தை மட்டும் ஹென்றி சாகும்வரை வைத்திருந்தார்.

1909இல் அது நாட்டை விட்டுப் போகும் நிலை வந்தது. விலை 72,000 பவுண்டு. கெடு முடிகிற நேரத்தில், பெயர் சொல்லாத ஒரு பெண்மணி 40,000 பவுண்டு கொடுத்துக் காப்பாற்றினார்.

தலைமுக்காட்டில் ஒரு ஈ

1470 வாக்கில், ஜெர்மனியின் ஸ்வாபியா பகுதியைச் சேர்ந்த பெயர் தெரியாத ஓவியர் ஹோஃபர் குடும்பப் பெண் ஒருவரை வரைந்தார். வெள்ளை முக்காட்டில் ஒரு ஈ. நிழலோடு அவ்வளவு நிஜமாக இருப்பதால் படத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அவள் தலையில் உட்கார்ந்திருக்கிறதா என்ற குழப்பம் இன்றும் தீரவில்லை.

பெட்டிக்குள் ஒரு வீடு

சுவரில் மாட்ட முடியாத ஓவியமும் இங்கே உண்டு. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராடென் ஒரு மரப்பெட்டியின் உட்புறம் முழுக்க வரைந்தார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை. கண்ணை வைத்துப் பார்த்தால் அறைகளும் நாயும் நாற்காலிகளுமாக முழு வீடு. நாற்காலியின் ஒரு பகுதி தரையிலும் மற்றது சுவரிலும் வரையப்பட்டது என்பது பெட்டியின் திறந்த பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு சென்டிமீட்டர் தீவு

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்காக 1395 முதல் 1399க்குள் செய்த மடக்குப் பலகை ஓவியம் 'வில்டன் டிப்டிக்'. யார் வரைந்தார் என்பது யாருக்கும் தெரியாது. தேவதைகள் பிடித்திருக்கும் கொடிக்கம்பின் உச்சியில் சிறு உருண்டை. 1990களின் தொடக்கத்தில் சுத்தம் செய்தபோது, ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள அந்த உருண்டைக்குள் வெள்ளைக் கோட்டையோடு ஒரு பசுந்தீவு வெளிப்பட்டது. அறுநூறு ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்த தீவு.

நீலத்துக்காகக் காத்திருந்த மைக்கலாஞ்சலோ

அந்தக் காலத்தில் தங்கத்தோடு போட்டி போடும் விலை, ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் கிடைத்த லேபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்த நீலத்துக்கு. டிசியன் 'பாக்கஸும் அரியாட்னியும்' படத்தின் வானத்தில் அதை வாரி இறைத்திருக்கிறார். இதே கேலரியில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் 'அடக்கம்' படத்திலோ வலது கீழ்மூலை வெறுமையாகக் கிடக்கிறது. மரியாள் மண்டியிட வேண்டிய இடம் அது. அவளுடைய மேலாடைக்கான நீலம் வந்து சேராததால்தான் அப்படி விட்டார் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம்.

நம் நாட்டு மஞ்சள் ஒன்றும் ஐரோப்பிய ஓவியர்களிடம் போயிற்று. 'இந்தியன் எல்லோ' என்ற அந்த நிறமியை டர்னர் பயன்படுத்தியிருக்கிறார். பீகாரில் முங்கேர் அருகே மாவிலை மட்டுமே தின்னக் கொடுத்து வளர்த்த மாடுகளின் சிறுநீரைக் காய்ச்சி அதை எடுத்தார்கள் என்று 1883இல் டி.என். முகர்ஜி என்பவர் நேரில் போய்ப் பார்த்து எழுதினார்.

டர்னரின் உயில்

பழைய பிரெஞ்சு ஓவிய மேதை கிளாட் வரைந்த துறைமுகக் காட்சியை ஆங்கர்ஸ்டீன் வீட்டில் பார்த்து இளம் டர்னர் கண்ணீர் விட்டதாகச் சொல்வார்கள். தன் ஓவியங்களை நாட்டுக்கு எழுதிவைத்தபோது அவர் போட்ட நிபந்தனை, தன்னுடைய இரண்டு படங்களை கிளாடின் இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பது. இன்றும் நான்கும் ஒரே அறையில் இருக்கின்றன.

அவர் எந்த விலைக்கும் விற்க மறுத்த படம் 1839இல் வரைந்த 'டெமரேர் போர்க்கப்பல்'. உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்படும் பழைய கப்பல். நிஜத்தில் பாய்மரங்களை முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். டர்னர் திருப்பிக் கொடுத்தார். இழுத்த நீராவிப் படகுகள் இரண்டு, ஒன்றை எடுத்துவிட்டார். 2020இல் வந்த 20 பவுண்டு நோட்டில் டர்னரும் இந்தக் கப்பலும் இருக்கிறார்கள்.

குகைக்குள் போன கேலரி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1939இல் போர் மூளப்போகிறது என்று தெரிந்ததும் ஓவியங்களை ரயிலிலும் லாரியிலும் ஏற்றி வேல்ஸ் நாட்டுக் கோட்டைகளுக்கும் நூலகத்துக்கும் அனுப்பினார்கள். விமானத் தாக்குதல் அங்கேயும் எட்டும் என்றதும் கனடாவுக்கு அனுப்பும் யோசனை வந்தது. கப்பல் மூழ்கினால்? சர்ச்சில் மறுத்தார்: குகையிலோ நிலவறையிலோ புதைத்து வையுங்கள், ஒரு படம்கூட இந்தத் தீவை விட்டுப் போகக் கூடாது.

அப்படியே செய்தார்கள். வேல்ஸிலேயே மனோட் மலையில் ஒரு ஸ்லேட் கல் சுரங்கம். வாயைப் பெரிதாக்க வெடி வைத்தார்கள். உள்ளே செங்கல்லில் சிறு சிறு கட்டடங்கள் எழுப்பி, வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். வான் டைக் வரைந்த, குதிரை மேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் படம் மிகப் பெரியது. வழியில் ஒரு ரயில் பாலத்தின் அடியில் லாரி நுழையவில்லை. பாலத்தைத் தொட முடியாது என்பதால் சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள்.

குகை ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. லண்டனில் அடிக்கடி வண்ணம் உரிந்து சிகிச்சை தேவைப்பட்ட படங்கள் அங்கே அமைதியாக இருந்தன. படங்களை அரிப்பது குளிரோ வெப்பமோ அல்ல, வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்குவதுதான் என்பது உறுதியானது. போருக்குப் பிறகு கேலரி அறைகளுக்கு ஏர்கண்டிஷன் வந்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

வெறும் சுவர்களுக்கு நடுவே பியானோ

படங்கள் போய்விட்ட கட்டடம் சும்மா இருக்கவில்லை. லண்டனின் இசையரங்குகள் மூடிக் கிடந்தபோது, மைரா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர் மதிய நேரக் கச்சேரி நடத்த அனுமதி கேட்டார். 1939 அக்டோபர் 10 அன்று முதல் கச்சேரி. டிக்கெட் ஒரு ஷில்லிங். 1946 ஏப்ரல் வரை, வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 1,698 கச்சேரிகள். ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருக்க, ஜெர்மன் இசைமேதைகளான பாக்கையும் பேத்தோவனையும் அங்கே வாசித்தார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் ராணுவத்தினரும் கேட்டார்கள். கேலரி மேல் குண்டு விழுந்தது. கச்சேரி நிற்கவில்லை.

1942இல் 'டைம்ஸ்' நாளிதழில் ஒரு வாசகர் கடிதம்: நகரம் சிதைந்து கிடக்கும்போதுதான் அழகான ஒன்றைப் பார்க்கும் ஏக்கம் அதிகமாக இருக்கிறது, ஒரு படமாவது காட்டக் கூடாதா என்று. கேலரி இயக்குநர் கென்னத் கிளார்க் இணங்கினார். குகையிலிருந்து மாதம் ஒரு படம் வந்தது. காலியான கட்டடத்தில் ஒரே ஒரு படம். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் மக்கள். போர் தந்த இந்த வழக்கம் 'இம்மாத ஓவியம்' என்ற பெயரில் இன்றும் கேலரியில் தொடர்கிறது.

களவு போனது படம், தண்டனை சட்டத்துக்கு

கோயா வரைந்த வெலிங்டன் பிரபு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்ட அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். 1961இல் அமெரிக்கச் செல்வர் ஒருவர் 1,40,000 பவுண்டுக்கு எடுத்ததும் எதிர்ப்பு கிளம்பி, அதே தொகை கொடுத்து நாட்டுக்காக மீட்டார்கள். காட்சிக்கு வைத்து 19 நாள்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 21 அன்று படம் மாயம்.

படத்துக்கு ஈடாக அதே தொகையை அறப்பணிக்குக் கொடுங்கள், முதியவர்களுக்கு டி.வி. உரிமக் கட்டணம் கட்ட அது பயன்படட்டும் என்று கடிதங்கள் வந்தன. 1962இல் வெளிவந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வில் வில்லனின் மாளிகையில் இந்த ஓவியம் நிற்கும். பாண்ட் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். 1965இல் பர்மிங்காம் ரயில் நிலைய கிளோக் ரூமில் படம் கிடைத்தது. சில வாரங்களில் கெம்ப்டன் பன்டன் என்ற ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் தானே வந்து சரணடைந்தார்.

வழக்கில் திருப்பம். படத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை, எனவே படத்தைத் திருடினார் என்று சொல்ல முடியாது என ஜூரிகள் முடிவு செய்தார்கள். சட்டம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மரச் சட்டத்தைத் திருடியதற்கு மூன்று மாதச் சிறை! இதற்குப் பிறகு, பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பொருளை அனுமதியின்றி எடுத்துச் சென்றாலே குற்றம் என்று 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்தார்கள். படத்தை எடுத்தது தானே என்று பன்டனின் மகன் 1969இல் போலீஸிடம் ஒப்புக்கொண்டிருந்த செய்தி 2012இல்தான் வெளியே தெரிந்தது.

ஏழு வெட்டு

வெலாஸ்கெஸின் 'ரோக்பி வீனஸ்' 1906இல் 45,000 பவுண்டுக்கு வந்தது. 1914 மார்ச் 10 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மேரி ரிச்சர்ட்சன் கறிவெட்டும் கத்தியால் அதை வெட்டினார். முந்தின நாள் தலைவர் எம்மலின் பாங்கர்ஸ்டைக் கைது செய்ததற்கு எதிர்ப்பு. அவருக்கு ஆறு மாதச் சிறை. படத்தைச் சீர்செய்துவிட்டார்கள்; காயம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கோரிக்கையின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படம் அரசின் உடைமை மட்டுமல்ல, வீதியில் போராடிய பெண்களின் உடைமையும்கூட.

வெள்ளம் கொண்டுபோனதாக நினைத்த ராணி

ஒன்பது நாள் மட்டும் அரியணையில் இருந்த 17 வயது ஜேன் கிரே, கண்கட்டோடு தலைவெட்டும் கட்டையைக் கையால் துழாவும் காட்சி. பால் தெலரோஷ் 1833இல் வரைந்தது. 1928இல் தேம்ஸ் பெருக்கெடுத்து, அப்போது இந்தப் படம் இருந்த டேட் கேலரிக்குள் புகுந்தபோது அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். 1973இல் வேறொரு படத்தைத் தேடியவர் ஒரு சுருளைப் பிரிக்க, உள்ளே இது இருந்தது. இன்று நேஷனல் கேலரியில் மக்கள் அதிக நேரம் நிற்கும் படங்களில் ஒன்று.

சிறைக்குப் போன புனித கேத்தரின்

இவ்வளவு பெரிய சேகரிப்பில் பெண்கள் வரைந்தவை மிகச் சில. அது பெருங்குறை. 2018இல் ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கியின் தன்னுருவப் படத்தை 36 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது கேலரி. பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்கிறாளா என்று விரல்களைக் கயிற்றால் முறுக்கிச் சோதிக்கப்பட்ட பெண் அவர். சித்திரவதைச் சக்கரத்தை உடைத்த புனித கேத்தரினாகத் தன்னை வரைந்துகொண்டார்.

வாங்கியவர்கள் அதை லண்டனில் மட்டும் மாட்டி வைத்திருக்கவில்லை. 2019இல் கிளாஸ்கோ பெண்கள் நூலகம், நியூகாசிலில் ஒரு பெண்கள் பள்ளி, யார்க்ஷயரில் ஒரு டாக்டரின் கிளினிக், சர்ரேயில் பெண்கள் சிறை என்று ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

பார்க்க விரும்பினால்

நிரந்தரச் சேகரிப்புக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 10 முதல் மாலை 6 வரை, வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 வரை திறந்திருக்கும். டிசம்பர் 24 முதல் 26 வரையும் ஜனவரி 1 அன்றும் விடுமுறை. லண்டன் போக முடியாதவர்கள் கேலரியின் இணையதளத்தில் ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வான் ஐக்கின் கண்ணாடிக்குள் இருக்கும் அந்த இரண்டு பேரை, கேலரியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைவிட அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.